கோட்டைக்குள் குளிக்காதீர்கள்

ஜெய்சல்மேர் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ஒட்டகம் ஏறினோம், மணல்மேட்டில் சூரியன் மறைவதைப் பார்த்தோம், கோட்டைக்குள்ளேயே ஒரு பழைய மாளிகையில் தங்கினோம், ராஜா மாதிரி இருந்தது என்பார்கள். முதல் இரண்டிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒட்டகத்துக்கு இருந்தால் அது வேறு விஷயம். மூன்றாவதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். கோட்டைக்குள் தங்கக் கூடாது. அப்படியே தங்க நேர்ந்தாலும் ஷவரைத் திறந்துவிட்டு நின்று குளிக்கக் கூடாது. இதைச் சொன்னால் நம் ஓய்வூதியர் வட்டத்தில் சிரிக்கிறார்கள். வெளியூர் போயும் இந்த ஆளுக்குச் சிக்கனம்தானா என்கிறார்கள். சிக்கனம் இல்லை ஐயா, காரணம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும். பரவாயில்லை, நமக்கென்ன பத்து மணிக்கு ஆபீசா?

சென்ற தை மாதம் அங்கே எட்டு நாள் இருந்தேன். பெரும்பாலோர் இரண்டு இரவு தங்கிவிட்டு ஜோத்பூருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். இரண்டு நாளில் கல் தெரியும், மணல் தெரியும். அந்த ஊரில் பார்க்க வேண்டிய முக்கியமான சங்கதி தண்ணீர். அது அவ்வளவு சீக்கிரம் கண்ணில் படாது.

ஊர் உண்டானது 1156-இல். பாட்டி என்ற ராஜபுத்திரக் குலத்தைச் சேர்ந்த (நம் வீட்டுப் பாட்டி இல்லை) ராவல் ஜெய்சல் என்பவர், பதினைந்து பதினாறு கிலோமீட்டர் தள்ளியிருந்த லோத்ருவா என்ற பழைய தலைநகர் பாதுகாப்பாக இல்லை என்று, திரிகூடம் என்ற குன்றின்மேல் கோட்டை எழுப்பினார். திரிகூடம் என்றதும் நமக்குக் குற்றால மலைதான் ஞாபகம் வரும். அங்கே அருவி கொட்டுகிறது. இங்கே ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழை 150 முதல் 200 மில்லிமீட்டர், அவ்வளவுதான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது நம் புதுச்சேரியில் இருபத்துநாலு மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் கொட்டியதே, முழங்கால் தண்ணீரில் நின்றோமே, அது ஜெய்சல்மேருக்கு இரண்டு மூன்று வருட மழை.

இவ்வளவு குறைந்த மழையில் ஒரு ராஜ்ஜியம் எண்ணூறு வருடம் எப்படி ஓடியது? வியாபாரத்தால் ஓடியது. சிந்து வழியாகப் பாரசீகத்துக்கும் மத்திய ஆசியாவுக்கும் போகும் ஒட்டக வணிகர்கள் இந்த வழியாகத்தான் போக வேண்டும். அபினி, பட்டு, சரிகை, உலர்ந்த பழங்கள் எல்லாவற்றுக்கும் இங்கே சுங்கம். பிறகு பம்பாய்த் துறைமுகம் வளர, வியாபாரம் கடலுக்குப் போனது. 1947-இல் எல்லைக்கோடு விழுந்ததும் சிந்து வேறு நாடாகி, பாதையே அடைந்துபோனது. இந்த ஊரின் கல்தச்சர்களான சிலாவட் சமூகத்தார் பலர் அதற்கு முன்பே கராச்சி போய் அந்த நகரத்துக் கட்டடங்களுக்குக் கல் செதுக்கியிருந்தார்கள். அவர்கள் அந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள். 1965, 1971 போர்களுக்குப் பிறகு ராணுவத்தால் கொஞ்சம் உயிர் வந்தது. 1974-இல் சத்யஜித் ராய் 'சோனார் கெல்லா' படத்தை இங்கே எடுத்தார். 'தங்கக் கோட்டை' என்று பொருள். அதன்பிறகு வங்காளிகள் வரத் தொடங்கினார்கள், பின்னாலேயே உலகம் வந்தது. இன்றும் கடைப் பலகைகளில் வங்காள எழுத்தைப் பார்க்கலாம்.

கோட்டைக்கு வருகிறேன். ராஜஸ்தானத்தில் கோட்டைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மற்றவை பெரும்பாலும் டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு மாலையில் பூட்டிவிடும் இடங்கள். ஜெய்சல்மேர் கோட்டைக்குள் இன்றும் ஆயிரக்கணக்கான பேர் குடும்பம் நடத்துகிறார்கள். நாலு வாயில்களைத் தாண்டி மேலே போனால் சௌக்கில் ஒருவர் ஷேவிங் செய்துகொண்டிருப்பார், ஒரு பாட்டி (இது நம் பாட்டிதான்) வெயிலில் அப்பளம் காயவைப்பாள், பசுமாடு வழியை மறித்துப் படுத்திருக்கும். மதிலில் 99 கொத்தளங்கள். அவற்றில் 92-ஐ 1633-க்கும் 1647-க்கும் இடையில் கட்டினார்கள். கல்லின்மேல் கல்லை இணைப்பு வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். பல இடங்களில் சுண்ணாம்புச் சாந்தே கிடையாது.

இப்படிக் கட்டியதற்குத் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சாந்து குழைக்கத் தண்ணீர் வேண்டுமே. காரணம் எதுவானாலும், உலர்ந்த குன்றின்மேல் உலர்ந்த கல் நின்றது. மழை பெய்தால் தெருவின் சரிவில் ஓடி, 'கூட் நாளி' என்ற வடிகால்கள் வழியாகக் குன்றைவிட்டு வெளியே விழுந்துவிடும்படி ஏற்பாடு. குடிதண்ணீர் கீழே கடிசர் ஏரியிலிருந்து பெண்கள் தலையில் ஏறி மேலே வரும். நாலு வாயில் ஏற்றம் ஏறிச் சுமந்துவந்த தண்ணீரை யார் வீணாக்குவார்கள்? குளித்த தண்ணீரில் துணி அலசி, அந்தத் தண்ணீரில் பாத்திரமோ தரையோ கழுவி, கடைசியில் மாட்டுக்கு. மண்ணில் சிந்துவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

பிறகு குழாய் வந்தது. பஞ்சாபில் ஹரிகே அணையில் புறப்படும் இந்திரா காந்தி கால்வாய் 1980-களில் இந்த மாவட்டத்தை எட்டியது. அதை நான் குறை சொல்லவில்லை. தலையில் குடம் சுமந்த பெண்ணின் கழுத்து வலியை நாம் அழகு என்று படம் எடுக்கக் கூடாது. ஆனால் தண்ணீரை மேலே ஏற்றியவர்கள் கழிவு நீரைக் கீழே இறக்க அதே கவனத்தோடு ஏற்பாடு செய்யவில்லை. போட்ட சாக்கடைக் குழாய்கள் ஒழுகின. இதற்குள் வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்ததால் வீட்டுக்கு வீடு விருந்தினர் விடுதி. அறைக்கு அறை ஷவரும் ஃப்ளஷ் கழிவறையும். ஒரு குடும்பம் ஒரு நாள் முழுக்கச் செலவழித்த தண்ணீரை ஒரு விருந்தாளி காலையில் அரை மணியில் செலவழிக்கிறார்.

அந்தக் குன்று ஒரே பாறை இல்லை. பலமற்ற மணற்கல்லும் களியும் மாறி மாறி அடுக்கிய குன்று. களியில் ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே நிற்கும் மதில் முதலில் தொந்தி தள்ளுகிறது, பிறகு சரிகிறது. 1990-களின் கடைசியில் மதில் இடிந்து உயிர்களே போயின. உலக நினைவுச்சின்ன நிதியம் என்ற அமைப்பு, ஆபத்தில் இருக்கும் இடங்களின் பட்டியலில் 1996, 1998, 2000 என்று மூன்று முறை இந்தக் கோட்டையைச் சேர்த்தது. இங்கிலாந்தில் இதற்காகவே 'ஜெய்சல்மேர் இன் ஜெப்பர்டி' என்று ஒரு தர்ம அமைப்பு தொடங்கிப் பணம் திரட்டினார்கள். 2013-இல் ராஜஸ்தானத்தின் ஆறு மலைக்கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. 2024 ஆகஸ்டில் நல்ல மழை பெய்தபோது மதிலின் ஒரு பகுதி மறுபடி இடிந்து கீழே சாலையில் விழுந்தது. பட்டியலில் சேர்ப்பதால் சுவர் நிற்பதில்லை.

இதற்கு யார் பொறுப்பு என்று விசாரித்துப் பார்த்தேன். முப்பது வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவனுக்கு அந்தக் கேள்வி தானாக வந்துவிடும். மதில் தொல்லியல் துறையுடையது. சாக்கடை நகராட்சியுடையது. அரண்மனை ஒரு அறக்கட்டளையிடம். வீடுகள் தனியாருடையவை. கோயில்கள் சமண சமூகத்திடம். ஒரு காகிதம் இத்தனை மேசைக்கும் போய்த் திரும்பி வருவதற்குள் ஒரு கொத்தளம் விழுந்துவிடும். 2010-இல் திருத்திய தொல்சின்னச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. கோட்டைக்குள் குடியிருப்பவனுக்கு இதன் பொருள், தன் வீட்டுச் சுவரில் விரிசல் கண்டாலும் கையெழுத்துக்காக அலைய வேண்டும் என்பதுதான். விதி தேவைதான். விதியைக் கையில் வைத்திருப்பவர் மேசையில் இருக்க வேண்டும் என்பதும் தேவைதான்.

குடியிருப்பவர்களையே மொத்தமாகக் கீழே இறக்கிவிட்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை. பத்துத் தலைமுறையாக இருக்கும் குடும்பத்தை அனுப்பிவிட்டு அதே வீட்டின் சாவியை நாளைக்கு ஒரு ஓட்டல் கம்பெனியிடம் கொடுப்பார்கள். நம் ஊரில் கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக எப்படி விடுதிகளாயின என்று பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் நாம். முன்பெல்லாம் அந்தத் தெருக்களில் சாயங்காலம் யார் வீட்டில் என்ன குழம்பு என்று மூக்கு சொல்லும். இப்போது எல்லா வாசலிலும் ஒரே காப்பி வாசனை. வீடு நிற்கிறது, வீட்டுக்காரரைக் காணோம். ஜெய்சல்மேர் கோட்டையின் சிறப்பே வீட்டுக்காரர்கள் இருப்பதுதான். போக வேண்டியவை விடுதிகள்.

மேலே விடுதி நடத்தும் ஒருவரிடம் டீ குடித்துக்கொண்டே இதைப் பேசினேன். கோபித்துக்கொள்ளவில்லை. "சாச்சா, எங்களுக்கு வேறு என்ன பிழைப்பு? வயல் இருக்கிறதா, ஃபாக்டரி இருக்கிறதா? வந்தவரிடம் குளிக்காதே என்று நான் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் சொல்ல முடியாது. அதனால்தான் நாம் சொல்லிக்கொள்ள வேண்டும் என்கிறேன். அவருக்குக் கீழே ஊரில் அதே அளவு இடமும் கடனும் கொடுத்து விடுதியை அங்கே மாற்ற அரசாங்கம் உதவ வேண்டும், மேலே கடையும் வீடும் வைத்துக்கொள்ளட்டும். அது நடக்க வருடங்கள் ஆகும். ஆனால் கோட்டைக்குக் கீழே அறை எடுக்க நமக்கு எந்த உத்தரவும் வேண்டாம். வாடகையும் குறைவு. நம் முழங்கால்களுக்கும் ஏற்றம் மிச்சம்.

சரி, தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றேனே, எங்கே பார்ப்பது? முதலில் கடிசர். பதினான்காம் நூற்றாண்டில் ராவல் கட்சி என்ற அரசர் வெட்டிய ஏரி. இப்போது அதில் பெடல் படகு விடுகிறார்கள், கெளுத்தி மீன்களுக்கு ரொட்டி போடுகிறார்கள், தண்ணீரும் கால்வாயிலிருந்து வருகிறது. அதெல்லாம் இருக்கட்டும். காலையில் சீக்கிரம் போய், ஏரிக்கு மழைநீர் ஓடிவரும் நிலத்தின் சரிவைப் பாருங்கள். அந்த நீர்பிடிப்பு நிலத்துக்கு 'ஆகோர்' என்று பெயர். அதில் செருப்புக் காலோடு நடப்பதே குற்றமாக இருந்த காலம் உண்டு. ஏரி நிரம்பி வழிந்தால் அந்த நீர் அடுத்த குளத்துக்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததுக்கு என்று ஒன்பது குளங்களைக் கோத்து வைத்திருந்தார்கள்.

ஏரிக்கரையில் மஞ்சள் கல்லில் ஒரு தோரணவாயில் நிற்கிறது. டீலோன் என்ற தாசி கட்டியது. ஒரு தாசி கட்டிய வாயிலின் கீழ் அரசர் நடந்துபோவதா என்று எதிர்ப்பு வந்ததாம். அவள் அதன்மேல் பெருமாளுக்கு ஒரு சந்நிதி வைத்துவிட்டாள். இனி எப்படி இடிப்பார்கள்? இந்தக் கதையை வழிகாட்டி சொன்னபோது எனக்கு நம் ஆயிதான் நினைவுக்கு வந்தாள். தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய தாசி. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் பெயரால் எழுப்பிய மண்டபம் பாரதி பூங்கா நடுவில் நிற்கிறது. அரசாங்க முத்திரையிலேயே அதைப் பொறித்துக்கொண்டோம். தண்ணீர் விஷயத்தில் பெண்ணின் பெயரைத்தான் ஊர் ஞாபகம் வைத்துக்கொள்கிறது, பாலைவனமானாலும் கடற்கரையானாலும்.

அனுபம் மிஸ்ரா என்ற காந்தியவாதி ராஜஸ்தானத்தின் நீர் மரபைப் பற்றி 1995-இல் ஹிந்தியில் ஒரு புத்தகம் எழுதினார். 'ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேன்', வெள்ளித் துளிகள் என்று பொருள். எனக்கு ஹிந்தி வராது. நம் தலைமுறையில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது எப்படி வரும்? ஆனால் அன்னி மோந்தோ என்ற அம்மையார் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்திருக்கிறார். அதைப் படித்துவிட்டுத்தான் போனேன். அந்த மக்கள் தண்ணீரை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். மழையாக விழுந்து ஓடுவது 'பாலர்'. அடியில் ஆழத்தில் உப்புக் கரிக்கும் நிலத்தடி நீர் 'பாதாள்'. இரண்டுக்கும் நடுவில், மணலில் இறங்கி, கீழே இருக்கும் ஜிப்சப் படுகையில் தடைபட்டு, மணலிலேயே ஈரமாகத் தங்குவது 'ரேஜாணி'. அந்த ஈரத்தைப் பிடிக்க ஆள் ஒருவர் மட்டும் இறங்கும் அளவுக்குக் குறுகலான கிணறு வெட்டுகிறார்கள். 'குயீ' என்று பெயர். சுற்றிலும் உள்ள மணலிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குடம் சேரும். வாய் அகலமாக இருந்தால் அதுவும் ஆவியாகிவிடும் என்றுதான் குறுகலாக வெட்டுவது. உப்பு நீருக்கு நூறடி மேலே நல்ல தண்ணீர் எடுக்கிற இந்தச் சாமர்த்தியத்தை எந்தப் பொறியியல் கல்லூரியில் கற்றார்கள்?

இதை விட்டுவிட்டுக் குல்தராவுக்குப் போய்ப் பேய் பார்க்கிறார்கள் நம்மவர்கள்! குல்தரா, ஊருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, பாலிவால் பிராமணர்கள் விட்டுப்போன கிராமம். சாலிம் சிங் என்ற திவானின் கொடுமை தாங்காமல் 84 கிராமத்தாரும் ஒரே இரவில் சபித்துவிட்டுக் கிளம்பினார்கள் என்று கதை. தண்ணீர் வற்றியதும் வரிச்சுமையும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்ய வைத்திருக்கும் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் தண்ணீர் வற்றியது என்றால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? பேய்தான் விலைபோகிறது. பாலிவால்கள் விட்டுப்போன நிஜமான அதிசயம் 'கடீன்'. பாறை மேட்டில் விழும் மழை ஓடிவரும் தாழ்வான இடத்தில் நீளமாக ஒரு மண்கரை. தண்ணீர் அங்கே தேங்கி, மண்ணில் ஊறி, மேலே வற்றியதும் அந்த ஈரத்தில் கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டுப் பாய்ச்சல் கிடையாது. 150 மில்லிமீட்டர் மழையில் கோதுமை! சில கடீன்களில் இன்றும் பயிர் வைக்கிறார்கள். நான் போன தை மாதத்தில் பச்சையாக நின்றது.

பாலைவனம் என்றால் எப்போதும் இப்படிச் சமாளித்துவிட்டார்கள் என்றும் இல்லை. 1899–1900-இல் வந்த பஞ்சத்தை அவர்கள் வருடக் கணக்கை வைத்து 'சப்பனியா' என்று இன்னும் பெயர் சொல்லி நடுங்குகிறார்கள். பியேர் லோத்தி அந்தச் சமயத்தில் இந்தியா வந்தார். 'ஆங்கிலேயர் இல்லாத இந்தியா' என்று பொருள்படும் அவருடைய புத்தகத்தில் நம் புதுச்சேரிக்கு ஒரு அத்தியாயம் உண்டு. அதே புத்தகத்தில் ராஜபுதனத்தின் பசித்த மக்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பள்ளியில் படித்தபோது நமக்குப் புதுச்சேரி அத்தியாயம்தான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது எடுத்துப் பார்த்தால் மற்றதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

மாளிகைகளைப் பற்றி அதிகம் எழுதவில்லை. பட்வா சகோதரர்கள் ஐந்து பேருக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியது, திவான் நத்மலுடையது (1885, ஹாத்தி, லாலு என்ற இரண்டு கல்தச்ச சகோதரர்கள் ஆளுக்கொரு பக்கம் செதுக்கியது), சாலிம் சிங்குடையது, எல்லாம் படங்களில் பார்த்ததைவிட நேரில் நன்றாகவே இருக்கின்றன. கூட்டமும் அப்படியே.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் கோட்டைக்குள் இருக்கும் சமணக் கோயில்கள். பனிரண்டாம் நூற்றாண்டிலிருந்து சில நூற்றாண்டுகள் தொடர்ந்து கட்டியவை. அவற்றில் சம்பவநாதர் கோயிலின் நிலவறையில் ஞான பண்டாரம் என்ற சுவடி நூலகம். பதினோராம் நூற்றாண்டு ஓலைகள்கூட அங்கே உண்டு. நம் ஈரக் காற்றில் ஓலை இருநூறு முந்நூறு வருடம் தாங்கினால் பெரிய விஷயம். பூச்சி அரிக்கும், பொடியாகும், படியெடுக்க ஆள் இல்லாவிட்டால் நூலே போய்விடும். அங்கே பாலைவனத்தின் வறட்சியே காவலாளியாக நின்றிருக்கிறது. கோட்டையின் உயரமும், வெளியாள் கண்ணில் காட்டாத சமணர்களின் பிடிவாதமும் சேர்ந்துகொண்டன.

இதில் நமக்கு நேரடியாக ஒரு சம்பந்தம் உண்டு. 1874-இல் கெயோர்க் ப்யூலர் என்ற ஜெர்மானிய அறிஞர், யாகோபி என்ற இளைஞரை அழைத்துக்கொண்டு ஒட்டக வழியில் இங்கே வந்தார். இந்த பண்டாரத்தில் அவருக்கு அகப்பட்ட ஒரு சுவடிதான் பில்ஹணர் எழுதிய 'விக்கிரமாங்கதேவ சரிதம்'. அதுவரை கையில் கிடைக்காத நூல். இருவரும் உட்கார்ந்து கையால் படியெடுத்தார்கள், 1875-இல் அச்சானது. மேலைச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் கதை. வீரராஜேந்திர சோழன் இறந்ததும் விக்கிரமாதித்தன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் வந்து, தன் மைத்துனன் அதிராஜேந்திரனை அரியணையில் உட்காரவைத்துவிட்டுப் போனது, கொஞ்ச காலத்திலேயே அவன் இறந்து குலோத்துங்கன் சோழ நாட்டைப் பிடித்தது எல்லாம் அதில்தான் இருக்கிறது. 1070-ஐ ஒட்டிய அந்தக் குழப்பத்தைப் பற்றி நம் சரித்திர ஆசிரியர்கள் எழுதும்போதெல்லாம் இந்த நூலைத்தான் புரட்டுகிறார்கள். பக்கத்துக் காவிரிக் கரையில் நடந்ததற்குச் சாட்சி, தார்ப் பாலைவனத்தில் ஒரு நிலவறையில் உட்கார்ந்திருந்தது.

ஈரமில்லாமல் இருந்ததால்தான் அந்த ஓலை பிழைத்தது. அந்த நிலவறை இருப்பது, ஷவரும் கழிவறையும் ஒழுகி ஊறிக்கொண்டிருக்கும் அதே குன்றில். குளிக்காதீர்கள் என்று நான் கத்துவதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

கொஞ்சம் பாட்டும் சொல்ல வேண்டும். சாம் மணல்மேடு ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். கூடாரங்களில் ராத்திரி ஆட்டம் பாட்டம். பாடுகிறவர்கள் பெரும்பாலும் மாங்கணியார்கள். முஸ்லிம்கள், ஆனால் தலைமுறை தலைமுறையாக ராஜபுத்திர வீடுகளில் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடி, அந்தக் குடும்பங்களின் வம்சாவளியை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். கிருஷ்ணன் பாட்டும் பாடுவார்கள், சூஃபி பாட்டும் பாடுவார்கள். அவர்களுடைய வாத்தியம் 'கமாய்ச்சா'. மாமரக் குடம், அதன்மேல் ஆட்டுத்தோல், நரம்புத் தந்தி. வில் போட்டால் அடித்தொண்டையில் ஒரு பெரியவர் பேசுவது போல இருக்கும். ஹமீரா கிராமத்து சாகர் கான் அதில் மேதை. 2012-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், மறு வருடம் காலமானார். கோமல் கோட்டாரி என்ற அறிஞர் 1960-களிலிருந்து இவர்களைத் தேடித் தேடிப் பதிவு செய்து, உலக மேடைகளுக்கு அழைத்துப் போயிருக்காவிட்டால் நமக்கு இந்தப் பெயர்களே தெரிந்திருக்காது. இவர்களிடம் 'மோர்சங்' இருக்கிறது. நம் கச்சேரியில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்காருமே, அதே முகர்சிங்தான்.

கூடாரத்தில் இவர்களை ஒலிபெருக்கி வைத்து ஹிந்தி சினிமாப் பாட்டுப் பாடச் சொல்கிறார்கள். 'நிம்புடா' அவர்கள் வீட்டுப் பாட்டுதான், சினிமா எடுத்துக்கொண்டு பிரபலமாக்கியது. இப்போது சினிமா மெட்டிலேயே பாடு என்று அவர்களிடமே கேட்பது என்ன கொடுமை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சம்பளம் வேண்டுமே. ஆனால் இரண்டாயிரம் மூவாயிரம் கூடாரத்துக்குக் கொடுக்கிறவர்கள், அதில் ஒரு பங்கை நேராகப் பாடகர் கையில் கொடுத்து, ஒலிபெருக்கி வேண்டாம், உங்கள் வீட்டில் பாடுவதைப் பாடுங்கள் என்று கேட்கலாம். நான் அப்படிக் கேட்டு, ஒரு தகப்பனும் மகனும் ஒரு மணி நேரம் பாடினார்கள். அந்தப் பெரியவர் பணத்தை எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டார். மகன் எண்ணினான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மார்கழி, தை, மாசி நல்ல காலம், ராத்திரியில் கம்பளி வேண்டும். கோட்டைக்குள் சௌக் வரை ஆட்டோ போகும், ஏற முடியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். சமணக் கோயிலுக்குக் காலையில் போங்கள், மத்தியானத்துக்குப் பிறகு வெளியார் உள்ளே போவது கஷ்டம், தோல் பெல்ட்டும் பர்சும் அறையிலேயே இருக்கட்டும். கேர்–சாங்ரி என்று ஒரு பொரியல் தருவார்கள், பாலைவனப் புதரின் காயும் வன்னி மரத்துக் காயும். பல் செட் போட்டிருப்பவர்கள் மெதுவாக மெல்லவும். தங்குவதற்கு ஊருக்குள் மதிலுக்குக் கீழே எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. மொட்டைமாடி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மாலை ஐந்தரை ஆறு மணிக்கு அந்த மஞ்சள் கல் முழுக்கப் பொன் நிறமாகும். தங்கக் கோட்டை என்று பெயர் வந்ததே அதனால்தான். அதைப் பார்க்க வெளியேதான் நிற்க வேண்டும். உள்ளே அறை எடுத்தவர்களுக்கு அந்த நேரத்தில் தெரிவது எதிர்வீட்டு மாடியின் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி.